படகு இஞ்சின் ஏன் கொதிக்கிறது? தண்ணீர் போகும் வழியைப் பிடித்துப் பார்ப்போம்

குருநகரிலோ பாசையூரிலோ பருத்தித்துறையிலோ கரையில் நின்று "இஞ்சின் சூடாகுது அண்ணை" என்று சொல்லிப் பாருங்கள், மூன்று பதில்களில் ஒன்று உடனே வரும். "இம்பெல்லரை மாத்து." "தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறி." "தண்ணி அடிக்குதுதானே, ஒண்டும் செய்யாது, ஓடு." இம்பெல்லர் என்பது தண்ணீர்ப் பம்புக்குள் சுழலும் றப்பர்ச் சக்கரம், தெர்மோஸ்டாட் சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் வாயில், "தண்ணி அடிக்குது" என்பது மோட்டரின் பக்கத்தால் தண்ணீர் பீய்ச்சுவது. இந்த மூன்று பதில்களும் சில வேளைகளில் பலித்துவிடும், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள். ஆனால் ஏன் பலித்தது என்று தெரியாவிட்டால் அடுத்த முறை அதே வைத்தியம் கைவிட்டுவிடும். புது இம்பெல்லர் போட்ட பிறகும் அலாரம் அடிக்கும், காசும் போய் இரண்டு நாள் தொழிலும் போயிருக்கும். மூன்றாவது பதிலை நம்பி ஓடினால் இன்னும் மோசம், பிஸ்டன் பிடித்துப்போய் நடுக்கடலில் நிற்க வேண்டிவரும்.

இஞ்சினின் உள்ளே என்ன நடக்கிறது என்று இதுவரை யாரும் சொல்லித்தராதவர்களுக்காக இதை எழுதுகிறேன். மெக்கானிக் ஆக வேண்டாம். எங்கே தேடவேண்டும் என்று தெரிந்தால் போதும், பாதி வேலை முடிந்துவிடும்.

சூடு எங்கே பிறக்கிறது, எங்கே போகிறது

எரிபொருள் எரியும் அறைக்குள் வாயுவின் வெப்பநிலை ஒரு கணத்துக்கு 2000 பாகை செல்சியசையும் தாண்டும். சின்ன மோட்டர்களில் அந்த அறையைச் சுற்றியிருப்பது பெரும்பாலும் அலுமினியக் கலவை. சுத்த அலுமினியமோ 660 பாகையிலேயே உருகிவிடும். அப்படியிருந்தும் இஞ்சின் உருகாமல் ஓடுவதற்குக் காரணம், அந்தச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்து சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே போவதுதான்.

நீங்கள் ஊற்றும் எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் புரொப்பெல்லரைச் சுழற்றப் போகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியே போகும். மிச்சத்தின் பெரும்பகுதியைத் தண்ணீர்தான் சுமக்கவேண்டும். அதாவது படகைத் தள்ளும் அளவுக்குக் கிட்டத்தட்ட சமமான சக்தியை, ஓடும் நேரம் முழுக்க, தண்ணீர் சூடாக அள்ளிக்கொண்டு போய்க் கடலில் கொட்டுகிறது. இந்த ஓட்டம் ஒரு நிமிடம் நின்றாலும் என்ன ஆகும் என்று இதிலிருந்து யோசித்துக்கொள்ளலாம்.

ஆகவே இஞ்சின் அளவுக்கு மேல் சூடாவதற்கு அடிப்படையில் இரண்டே காரணங்கள்தான். சூடு வழமையைவிடக் கூடுதலாகப் பிறக்கிறது, அல்லது பிறக்கும் சூட்டைத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகவில்லை. பெரும்பாலான தடவைகளில் குற்றவாளி இரண்டாவதுதான், அதனால் தேடலைத் தண்ணீரில் தொடங்குகிறோம்.

தோட்டத்துப் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள்

வெங்காயத் தோட்டத்துக்குக் கிணற்றிலிருந்து மண்ணெண்ணெய்ப் பம்பால் இறைப்பதைப் பார்க்காதவர்கள் யாழ்ப்பாணத்தில் குறைவு. கிணற்றுக்குள் ஒரு குழாய் இறங்கும், அதன் அடியில் குப்பை போகாமல் ஒரு வலைமூடி. மேலே பம்ப். பம்பிலிருந்து நீளமான குழாய் பாத்திவரை போகும். கடைசிப் பாத்தியில் தண்ணீர் குறைந்தால் அனுபவப்பட்ட தோட்டக்காரர் நேரே பம்பைக் கழற்ற மாட்டார். முதலில் அடியிலுள்ள வலையில் பாசி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு கிணற்றுப் பக்கக் குழாயில் எங்காவது காற்று இழுக்கிறதா, பம்ப் தேய்ந்துவிட்டதா, கடைசியாகத் தோட்டத்துப் பக்கக் குழாய் எங்காவது மடிந்தோ அடைத்தோ கிடக்கிறதா. தண்ணீர் வரும் ஒழுங்கிலேயே அவருடைய கண்ணும் போகும்.

படகு இஞ்சினும் இதேதான். பம்புக்கு முன்னால் உள்ளதை உறிஞ்சும் பக்கம் என்றும், பம்புக்குப் பின்னால் உள்ளதைத் தள்ளும் பக்கம் என்றும் வைத்துக்கொள்வோம். உறிஞ்சும் பக்கத்தில் இரண்டு நோய்கள்தான் வரும்: அடைப்பு, அல்லது காற்று உள்ளே புகுதல். தள்ளும் பக்கத்தில் வருவது அடைப்பு, படிவு, கசிவு. நடுவில் பம்ப்.

வெளியிணைப்பு மோட்டரில் தண்ணீரின் பயணம்

பைபர் படகின் பின்பக்கம் தொங்கும் 8, 15, 25, 40 குதிரைவலு மோட்டர்களில் தனியாக ரேடியேட்டர் எதுவும் கிடையாது, கடல்நீர்தான் நேரடியாக உள்ளே போய்வரும். மோட்டரின் அடிக்காலில், புரொப்பெல்லருக்குச் சற்று மேலே, இரண்டு பக்கமும் சல்லடை மாதிரி சின்னத் துவாரங்கள் தெரியும். கடல்நீர் உள்ளே வரும் வாசல் அதுதான். அதற்கு மேலே, காலுக்குள்ளேயே, தண்ணீர்ப் பம்ப் இருக்கிறது. புரொப்பெல்லரைச் சுழற்றும் அதே நெடுந்தண்டுதான் இந்தப் பம்பையும் சுழற்றுகிறது, ஆகவே கியர் நியூட்ரலில் இருந்தாலும் இஞ்சின் ஓடும்வரை பம்பும் ஓடும்.

பம்பிலிருந்து ஒரு குழாய் நேரே மேலே ஏறி, எரிபொருள் எரியும் சிலிண்டரைச் சுற்றியுள்ள இடைவெளிக்குள் தண்ணீரை விடும். தண்ணீருக்கென்றே உலோகத்துக்குள் வார்த்துவிடப்பட்ட இந்த வழிகளுக்கு நீர்ச்சட்டை என்று பெயர். அங்கே சுற்றி, சிலிண்டர் மூடியான ஹெட்டையும் சுற்றி, தெர்மோஸ்டாட் வழியாகக் கீழே இறங்கி, புகை போகும் வழியோடு சேர்ந்து கடலுக்குள் போய்விடும். இடையில் ஒரு சின்னக் கிளைக்குழாய் தண்ணீரை மோட்டரின் பக்கத்தால் வெளியே பீய்ச்சும். "தண்ணி அடிக்குது" என்று நாம் பார்ப்பது அதைத்தான். இதை அடையாளத் தாரை என்று அழைக்கிறேன், இதைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது.

அடிக்கால் துவாரம், பம்ப், ஏறும் குழாய், நீர்ச்சட்டை, தெர்மோஸ்டாட், வெளியேற்றம். இந்த ஒழுங்கை மட்டும் மனதில் வைத்தால் மீதி எல்லாம் தன்பாட்டில் விளங்கும்.

இம்பெல்லர்: சின்ன றப்பர், பெரிய பொறுப்பு

பம்புக்குள் சுழலும் றப்பர்ச் சக்கரம்தான் இம்பெல்லர். அதற்குப் பல இதழ்கள். அது இருக்கும் கிண்ணம் வேண்டுமென்றே மையம் விலகி அமைக்கப்பட்டிருக்கிறது, ஆகவே சுழலும்போது ஒரு பக்கத்தில் இதழ்கள் விரியும், மறுபக்கத்தில் மடங்கும். விரியும் இடத்தில் இதழ்களுக்கு நடுவே இடம் பெருத்துத் தண்ணீரை உறிஞ்சும், மடங்கும் இடத்தில் இடம் சுருங்கித் தண்ணீரை வெளியே தள்ளும். அவ்வளவுதான் சூட்சுமம்.

இந்த றப்பருக்குத் தண்ணீரேதான் மசகும். தண்ணீர் இல்லாமல் சுழன்றால் உரசலில் எரிந்துவிடும், அதற்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படாது. கரையில் வைத்து "ஸ்டார்ட் ஆகுதா எண்டு பாப்பம்" என்று தண்ணீரில்லாமல் இழுத்து முறுக்குவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பெரிய பீப்பாய் ஒன்றில் காலை அமிழ்த்தி வைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள்.

இம்பெல்லர் கெட்டுப்போகும் விதங்கள் பல. இதழ் முறியலாம். நெடுங்காலம் ஓடாமல் கிடந்தால் மடங்கிய இதழ் மடங்கியபடியே நின்றுவிடும். எங்கள் யாழ்ப்பாணக் கடல்நீரேரி பெரும்பகுதி ஆழமில்லாதது, சேறும் மணலும் கலங்கிய தண்ணீரில் ஓடும்போது அந்த மணல் இம்பெல்லரை மட்டுமல்ல, அது உரசும் உலோகக் கிண்ணத்தையும் அடித்தட்டையும் அரித்துக் கோடு விழுத்திவிடும். அப்படிக் கோடு விழுந்த கிண்ணத்துக்குள் எத்தனை புது இம்பெல்லர் போட்டாலும் தண்ணீர் பின்பக்கமாக நழுவும், "புதுசு போட்டும் சரிவரேல்லை" என்ற கதைகளில் பாதிக்குப் பின்னால் இதுதான் இருக்கிறது. இன்னொன்று, நடுவிலுள்ள உலோக வளையத்திலிருந்து றப்பர் விட்டுப்போனால், பார்வைக்கு இதழ்கள் எல்லாம் நன்றாக இருக்கும், தண்டு மட்டும் சுழலும், றப்பர் சுழலாது.

கழற்றிய பழைய இம்பெல்லரில் இதழ்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அந்தத் துண்டு எங்கே? கடலுக்குப் போயிருக்கலாம், ஆனால் பெரும்பாலும் ஏறும் குழாயிலோ நீர்ச்சட்டையின் ஒடுக்கமான ஒரு மூலையிலோ தெர்மோஸ்டாட்டின் வாயிலிலோ குந்திக்கொண்டிருக்கும். அதைத் தேடி எடுக்காமல் புதியதைப் பூட்டினால் அடுத்த கிழமை திரும்பவும் கழற்றவேண்டிவரும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியலாமா?

தெர்மோஸ்டாட் என்பது சூட்டுக்கு ஏற்பத் தானே திறந்து மூடும் ஒரு வாயில். உள்ளே ஒரு வகை மெழுகு இருக்கிறது, சூடானால் அது விரிந்து வாயிலைத் திறக்கும், ஆறினால் ஸ்பிரிங் மூடிவிடும். கடல்நீர் நேரடியாக ஓடும் மோட்டர்களில் பொதுவாக 50 முதல் 60 பாகைக்குள் திறக்கத் தொடங்கும்.

"எங்கட கடலே சூடு, இதுக்கு எதற்கு இது" என்று கேட்பார்கள். எங்கள் பக்கக் கடல்நீர் வருடத்தின் பெரும்பகுதி 28, 30 பாகைக்குக் கிட்ட இருக்கும். இஞ்சினுக்கு அது குளிர்ந்த தண்ணீர்தான். வாயில் இல்லாவிட்டால் இஞ்சின் தேவையான சூட்டுக்கு வரவே வராது, எரிபொருள் முழுதாக ஆவியாகாமல் பாதி எரிந்தும் எரியாமலும் கரியாகப் பிடிக்கும். இங்கே பெரும்பாலானவர்கள் ஓட்டுவது மண்ணெண்ணெய் மோட்டர், பெற்றோலில் ஸ்டார்ட் செய்து சூடாகியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது ஏன்? பெற்றோலைப்போல அது சுலபமாக ஆவியாகாது என்பதால்தான். சூடு வேண்டிய இஞ்சினில் சூட்டைக் காக்கும் வாயிலைக் கழற்றிவிட்டு, பிளக் அடிக்கடி கரிபிடிக்கிறது, எரிபொருள் கூடக் குடிக்கிறது என்று கவலைப்படுவதை நிறையப் பார்க்கிறோம். சில இஞ்சின்களில் வாயிலைக் கழற்றினால் தண்ணீர் சுலபமான வழியால் ஓடிவிட்டுத் தூரத்து மூலைகளுக்குப் போகாமலும் விட்டுவிடும்.

அது கெட்டுப்போவது உண்மைதான், உப்புப் பிடித்து மூடியபடியே இறுகிவிட்டால் சூடு ஏறும். சோதிப்பது சுலபம். கழற்றி ஒரு சட்டித் தண்ணீருக்குள், அடியில் முட்டாமல், கம்பியில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள், ஒரு வெப்பமானியையும் போடுங்கள். அதில் பொறித்திருக்கும் பாகைக்குக் கிட்டத் திறக்கத் தொடங்கவேண்டும், தண்ணீர் ஆறும்போது மூடவேண்டும். திறக்காவிட்டால் புதியதை வாங்கிப் போடுங்கள், வெற்றிடமாக விடாதீர்கள்.

"தண்ணி அடிக்குதுதானே!"

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். அடையாளத் தாரை வந்தால் பம்ப் வேலை செய்கிறது என்று அர்த்தம். இஞ்சின் ஆறுகிறது என்று அர்த்தமில்லை.

பல மோட்டர்களில் அந்தக் கிளைக்குழாய் தெர்மோஸ்டாட்டுக்கு முன்னாலேயே பிரிந்துவிடும். ஆகவே தெர்மோஸ்டாட் இறுகி மூடியிருந்தாலும், ஹெட்டின் மேல்மூலையில் உப்பு அடைத்து அங்கே ஒரு சொட்டுத் தண்ணீரும் போகாவிட்டாலும், வெளியே தாரை அழகாக அடித்துக்கொண்டிருக்கும், உள்ளே ஒரு சிலிண்டர் வெந்துகொண்டிருக்கும்.

மறுபக்கமும் உண்டு. தாரை வரவில்லை என்றவுடன் இம்பெல்லர் போய்விட்டது என்று முடிவுகட்டவேண்டாம். அந்தத் துவாரம் மிகச் சின்னது, உப்போ மணலோ கரையில் கிடந்தபோது குளவி கட்டிய மண்கூடோ அடைத்திருக்கலாம். தடித்த தங்கூசி (நைலோன் நூல்) துண்டு ஒன்றை உள்ளே விட்டுக் குத்திப் பாருங்கள், பல தடவை அதிலேயே பிரச்சினை முடிந்துவிடும்.

தாரையின் வலுவையும் சூட்டையும் பழகிக்கொள்ளுங்கள். மோட்டர் நல்லாயிருக்கும் நாளில் கையை வைத்துப் பாருங்கள், இளஞ்சூடாக இருக்கும். அந்த இளஞ்சூடு தெரிந்தால்தான் ஒருநாள் அது கொதிக்கும்போது வித்தியாசம் தெரியும். ஹெட்டின் சூட்டை அறிய, தூரத்திலிருந்தே அளக்கும் இன்ஃபிராரெட் வெப்பமானி ஒன்று மிக உதவும், சங்கத்துக்கு ஒன்று வாங்கி வைத்தாலே போதும். அது இல்லாதவர்கள் ஹெட்டில் ஒரு துளி தண்ணீரைத் தெளிக்கலாம், சீறிக்கொண்டு உடனே ஆவியானால் 100 பாகையைத் தாண்டிவிட்டது. அலாரம் அடித்தும் ஹெட் சாதாரணச் சூட்டில் இருந்தால் சென்சரையோ அதன் வயரையோ சந்தேகப்படுங்கள். அந்தச் சந்தேகம் அளந்து பார்த்தபிறகு மட்டும் வரவேண்டும்.

எப்போது சூடாகிறது என்று கேளுங்கள்

நோய் எங்கே என்பதை, சூடு ஏறும் நேரமே பெரும்பாலும் சொல்லிவிடும்.

திடீரென்று, நன்றாக ஓடிக்கொண்டிருந்த இஞ்சின் ஒரு நிமிடத்துக்குள் சூடானால், உறிஞ்சும் வாசலில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று முதலில் நினையுங்கள். கடல்நீரேரியில் அது பொலித்தீன் பையாகவோ சாதாழையாகவோ இருக்கும். இஞ்சினை நிறுத்தியவுடன் உறிஞ்சல் நின்று பை தானே விலகிப்போய்விடும், திரும்ப ஸ்டார்ட் செய்தால் எல்லாம் சரியாக இருக்கும், காரணம் கடைசிவரை தெரியாது. அப்படி ஒருதடவை நடந்தால் பயமில்லை. அடிக்கடி நடந்தால் வேறு எதையோ தேடவேண்டும்.

மெதுவாக ஓடும்போது சூடாகி, வேகம் கூட்டினால் ஆறுகிறதா? பம்ப் தேய்ந்திருக்கிறது. சுழற்சி குறைவாக இருக்கும்போது தேய்ந்த இதழ்களால் தேவையான தண்ணீரை ஏற்றமுடியாது, சுழற்சி கூடும்போது எப்படியோ சமாளிக்கும். அதற்கு நேர்மாறாக, மெதுவாக ஓடும்போது சரி, முழு வேகத்தில் மட்டும் சூடு என்றால், தண்ணீர் வருகிறது ஆனால் போதவில்லை. பாதி அடைத்த வாசல், உள்ளே படிவு, அல்லது காற்று கலந்த தண்ணீர்.

காற்று கலப்பது எங்கள் பக்கம் தனியாகப் பேசவேண்டிய சங்கதி. ஆழம் குறைந்த இடத்தில் புரொப்பெல்லர் தரையில் தட்டாமலிருக்க மோட்டரைச் சாய்த்துத் தூக்கி ஓட்டுகிறோம். அப்போது உறிஞ்சும் வாசல் நீர்மட்டத்துக்கு மிகக் கிட்ட வந்துவிடும், அலையில் ஒருதடவை தண்ணீர், ஒருதடவை காற்று என்று இழுக்கும். நீண்டநேரம் அப்படி ஓடவேண்டியிருந்தால் வேகத்தைக் குறைத்து, தாரையைப் பார்த்தபடியே ஓடுங்கள். மோட்டர் தொங்கும் பின்பலகையின் உயரத்துக்குக் கால்நீளம் பொருந்தாத மோட்டரைப் பூட்டியிருந்தாலும் இதே கதைதான், அது ஆழக்கடலிலும் தொடரும்.

மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு கூடிக்கொண்டு வந்தால் உள்ளே படிவு வளர்கிறது. வலை ஏற்றி மீனும் ஏற்றித் திரும்பும்போது மட்டும் சூடானால் தண்ணீரை விட்டுவிட்டுச் சுமையைப் பாருங்கள்.

சுருக்கமாக, திடீர்ச் சூடு வாசலைக் காட்டும், மெதுஓட்டச் சூடு பம்பைக் காட்டும், வேகச் சூடு போதாத ஓட்டத்தைக் காட்டும், மெல்ல மெல்ல ஏறும் சூடு படிவைக் காட்டும். எப்போதும் இப்படித்தான் என்றில்லை, தேடலை எங்கே தொடங்குவது என்பதற்கு இது போதும்.

உள்ளே வளரும் படிவு

ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அவற்றில் சாப்பாட்டு உப்பு மட்டுமில்லை, சுண்ணாம்பு சார்ந்தவையும் இருக்கின்றன. இந்தச் சுண்ணாம்பு வகைகளுக்கு ஒரு விசித்திரமான குணம், தண்ணீர் சூடாகச் சூடாக அவை கரைந்திருக்கும் அளவு குறையும். ஆகவே இஞ்சினுக்குள் எந்த இடம் மிகச் சூடாக இருக்கிறதோ அந்த இடத்தில்தான் வெள்ளைப் படிவு முதலில் பிடிக்கும். எந்த இடத்துக்குக் குளிர்ச்சி மிகத் தேவையோ அதே இடம். படிவு சூட்டைக் கடத்துவது அலுமினியத்தோடு பார்த்தால் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். மெல்லிய படலம் பிடித்தாலே அந்த இடம் இன்னும் சூடாகும், இன்னும் படியும். கடல்நீர் நேரடியாக ஓடும் மோட்டர்களின் தெர்மோஸ்டாட்டை இவ்வளவு குறைந்த பாகையில் திறக்க வைத்திருப்பதும் இந்தப் படிவுக்குப் பயந்துதான்.

வைத்தியம், கரைக்கு வந்தவுடன் நல்ல தண்ணீரால் உள்ளே கழுவிவிடுவது. ஓஸ் பைப் பூட்டியோ, பீப்பாய்த் தண்ணீரில் மோட்டரை மெதுவாக ஓடவிட்டோ, தெர்மோஸ்டாட் திறக்கும்வரையாவது ஓடவேண்டும், திறக்காவிட்டால் ஹெட்டின் மூலைகளுக்கு நல்ல தண்ணீர் சரியாகப் போய்ச் சேராது. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல் நிலம், கிணற்றுத் தண்ணீர் வன்மையானது, கரையோரக் கிணறுகள் பல உவர். அதற்காகக் கழுவாமல் விட்டுவிடாதீர்கள், எவ்வளவு வன்மையான கிணற்று நீரும் கடல்நீரைவிட எத்தனையோ மடங்கு மேல். மாரிகாலத்தில் கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்துவைத்து அதைப் பாவித்தால் மிகத் திறம்.

ஏற்கெனவே படிந்துவிட்டதைக் கரைக்க, வினாகிரி போன்ற மென்மையான அமிலமோ அதற்கென்று விற்கும் திரவமோ போதும், பொறுமையாக ஊறவிட வேண்டும். மலசலகூடம் கழுவும் கடும் அமிலத்தை ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். அது படிவோடு சேர்த்து அலுமினியத்தையும் தின்றுவிடும்.

உள்ளிணைப்பு டீசல் இஞ்சின்களில்

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஓடும் பயணிகள் படகுகளிலும் பெரிய மீன்பிடிப் படகுகளிலும் இருப்பது உள்ளே பூட்டிய டீசல் இஞ்சின். இவற்றில் பலவற்றில் இரண்டு தண்ணீர்கள் ஓடும். இஞ்சினுக்குள் சுற்றுவது கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவம் கலந்த நல்ல தண்ணீர், அது வெளியே போகாமல் திரும்பத் திரும்பச் சுற்றும். கடல்நீர் தனி வழியால் வந்து, வெப்பமாற்றி என்ற பெட்டிக்குள் பல சின்னக் குழாய்களுக்கூடாகப் போய், நல்ல தண்ணீரின் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறும். இரண்டும் கலப்பதில்லை.

ஆகவே தேடலும் இரண்டாகப் பிரியும். கடல்நீர் போதியளவு வெளியே வருகிறதா என்று முதலில் பாருங்கள். வரவில்லை என்றால் படகின் அடியிலுள்ள கடல்நீர் வால்வு, வடிகட்டி, பம்ப், வெப்பமாற்றியின் குழாய்கள், இந்த ஒழுங்கு. வடிகட்டியின் மூடி சரியாக இறுகாவிட்டால் தண்ணீர் வெளியே கசியாது, காற்றுத்தான் உள்ளே போகும், பார்த்தால் எல்லாம் காய்ந்து சுத்தமாக இருக்கும். உறிஞ்சும் பக்கத்துக் குற்றங்கள் கண்ணுக்குப் படாமல் போவது இதனால்தான்.

கடல்நீர் தாராளமாக வந்தும் சூடு என்றால் நல்ல தண்ணீர்ப் பக்கம் திரும்புங்கள். தண்ணீர் மட்டம் குறைந்ததா, அந்தப் பக்கத்துப் பம்பைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்ததா, நல்ல தண்ணீர்த் தொட்டியின் மூடி அழுத்தத்தைப் பிடிக்கிறதா. அந்த மூடி சும்மா மூடியில்லை, உள்ளே அழுத்தத்தைக் காத்து, 100 பாகைக்கு மேலேயும் தண்ணீரைக் கொதிக்காமல் வைத்திருக்கிறது. அதனாலேயே சூடான இஞ்சினில் அதைத் திறக்கக்கூடாது, திறந்தவுடன் அழுத்தம் போய், தண்ணீர் ஒரே கணத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். மட்டம் அடிக்கடி குறைகிறது, எங்கும் கசிவு தெரியவில்லை, தொட்டிக்குள் குமிழி வருகிறது என்றால் ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகப்படலாம். ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் வாயுவையும் தண்ணீரையும் பிரித்துவைக்கும் தகடு அது. அதற்குமேல் மெக்கானிக் வேலை.

தண்ணீரில் பிழையில்லாவிட்டால்

அப்போது சூடு கூடுதலாகப் பிறக்கிறது. படகின் அடியில் கொட்டலசும் பாசியும் பிடித்திருந்தால், புரொப்பெல்லர் வளைந்திருந்தால், அதில் வலைத்துண்டு சுற்றியிருந்தால், அதே வேகத்துக்கு இஞ்சின் கூட உழைக்கவேண்டும். டீசல் என்றால் கறுப்புப் புகையும் தள்ளும்.

இரண்டு ஸ்ட்ரோக் மோட்டரில் எரிபொருளோடு கலக்கும் ஒயில்தான் உள்ளுறுப்புகளுக்கு ஒரே மசகு. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது, எதையாவது மிச்சம் பிடிக்கத்தானே மனம் போகும். ஆனால் ஒயிலில் மட்டும் கைவைக்காதீர்கள், உரசல் சூட்டைத் தண்ணீரால் ஒன்றும் செய்யமுடியாது. எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேட்டரில் எரிபொருள் வரும் சின்னத் துவாரமான ஜெட் பாதி அடைத்திருந்தாலும் சிலிண்டருக்குள் எரிபொருள் குறைந்து காற்றுக் கூடும், அதோடு போகவேண்டிய ஒயிலும் குறையும். அந்த எரிவும் அளவுக்கு மேல் சூடாக இருக்கும்.

கடலில் அலாரம் அடித்தால்

உடனே வேகத்தைக் குறையுங்கள், தாரையைப் பாருங்கள். தண்ணீர் வருகிறது என்றால் நியூட்ரலில் இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஓடவிடலாம், தேங்கிய சூட்டைத் தண்ணீர் கொண்டுபோகும். சூடு இறங்காமல் இன்னும் ஏறினால் நிறுத்துங்கள். தண்ணீரே வரவில்லை என்றால் அந்தக் கணமே நிறுத்துங்கள். பிறகு நங்கூரம். காற்றில் இழுபடும் படகில் குனிந்து நின்று மோட்டர் பார்க்கமுடியாது, எங்கள் பாக்குநீரிணையில் நங்கூரம் எட்டாத இடம் குறைவு.

மோட்டரைத் தூக்கி வாசலைப் பாருங்கள், ஒட்டியிருப்பதை எடுங்கள். சூடான ஹெட்டில் வாளியால் கடல்நீரை ஊற்றாதீர்கள், ஒரு பக்கம் மட்டும் திடீரென்று சுருங்கினால் உலோகம் வளையும் அல்லது வெடிக்கும். நிழல் பிடித்து ஆறவிடுங்கள், கை வைத்துப் பொறுக்கும் சூட்டுக்கு வரட்டும். திரும்ப ஸ்டார்ட் செய்தால் தாரையைப் பார்த்தபடி மெதுவாகக் கரைக்கு வாருங்கள், தொழில் பார்க்க வேண்டாம்.

கரைக்கு வந்து மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது "சூடாகுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். மெதுவாக ஓடும்போதா வேகத்திலா, ஸ்டார்ட் செய்து எவ்வளவு நேரத்தில், வெறும் படகிலா சுமையோடா, தாரை வந்ததா, வந்த தண்ணீர் எவ்வளவு சூடு, கடைசியாக இம்பெல்லர் எப்போது மாற்றியது என்றெல்லாம் சொல்லுங்கள். கழற்றும் பழைய சாமான்களைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள், இதழ்களை அவர் முன்னாலேயே எண்ணுங்கள். நாலு ஸ்ட்ரோக் மோட்டர் அல்லது டீசல் என்றால் ஒயிலையும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அது பால்நிறமாக இருந்தால் தண்ணீர் ஒயிலுக்குள் இறங்கிவிட்டது, அந்த இஞ்சினை அதற்குப் பிறகு ஒருதடவைகூட இழுத்துப் பார்க்க விடாதீர்கள்.